பாலைவனத்துக்கு ஒரு கற்பனைக் கலப்பின விலங்கு: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

ஒட்டகத்தின் திமில், ஃபெனெக் நரியின் காது, ஆஸ்திரேலிய முள் பல்லியின் தோல், கங்காரு எலியின் சிறுநீரகம் ஆகிய நான்கையும் ஓர் உடலில் சேர்த்தால் பாலைவனத்துக்கு முற்றிலும் பொருத்தமான கற்பனைக் கலப்பின விலங்கு கிடைத்துவிடுமா என்பது கேள்வி. கிடைக்காது என்பதே என் பதில். இந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் அதற்குரிய உடலில் வியக்கத்தக்க முறையில் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்கும் ஒரு குறிப்பிட்ட வாழ்க்கை முறைக்கும் உரியது. எந்த உறுப்பை எங்கிருந்து எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், அந்த விலங்கு எவ்வளவு பெரியது என்பதை முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்துவிட்டால் மற்றவற்றில் பெரும்பகுதி தானாகவே தீர்மானமாகிவிடும்.

அதற்குமுன் கலப்பினம் என்பதைப் பற்றி ஒரு சிறு விளக்கம். உண்மையான கலப்பினம் நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கு இடையில்தான் சாத்தியம். பாலைவன விலங்குகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1998 ஜனவரியில் துபாயில் பிறந்த, காமா என்னும் ஒட்டக-லாமா கலப்பினக் குட்டி. ஆண் ஒட்டகத்தின் விந்தணுவை, தென் அமெரிக்காவில் வாழும் ஒட்டகக் குடும்ப விலங்கான லாமாவின் பெண்ணுக்குச் செயற்கை முறையில் செலுத்தி அதை உருவாக்கினார்கள். இவ்விரு இனங்களின் முன்னோர்கள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டபோதிலும் இரண்டுக்கும் 74 குரோமோசோம்களே இருப்பதால் இது கைகூடியது. பிறந்த குட்டிக்கு ஒட்டகத்தைப் போல் சிறிய காதும் நீண்ட வாலும் இருந்தன, லாமாவைப் போல் பிளவுபட்ட குளம்பு இருந்தது, திமில் இல்லை. பெற்றோரின் சிறந்த பண்புகள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு குட்டியிடம் சேர்வதில்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. ஒட்டகத்தையும் நரியையும் இணைப்பது இயற்கையிலும் முடியாது, ஆய்வகத்திலும் முடியாது. ஆகவே இனி நான் சொல்லப்போவது உறுப்புகளை ஒட்டவைப்பது பற்றியதன்று. ஒரே மூதாதையிலிருந்து நீண்ட பரிணாமத்தின் வழியாக இப்படிப்பட்ட பண்புகளைப் பெற்ற ஒரு பாலூட்டியைக் கற்பனை செய்வது பற்றியது. ஆசியா, ஆப்பிரிக்காவின் ஜெர்போவா என்னும் துள்ளும் கொறிணிகள், வட அமெரிக்காவின் கங்காரு எலிகள், ஆஸ்திரேலியாவின் துள்ளும் எலிகள் ஆகியவை தனித்தனியாகப் பரிணமித்தும் ஏறக்குறைய ஒரே வடிவத்தை அடைந்திருக்கின்றன. ஒரே நெருக்கடி ஒரே தீர்வை மீண்டும் மீண்டும் உண்டாக்க முடியும் என்பதால் இந்தக் கற்பனைக்கு அடிப்படை இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். பாலைவனத்தில் வெப்பத்தைச் சமாளிக்க இரண்டு பெரிய வழிகள் உள்ளன: தாங்குவது, தப்புவது. ஒட்டகம் தாங்குகிறது. 1950களில் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர் நூட் ஷ்மிட்-நீல்சன், தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை விடியற்காலையில் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸாகவும் பிற்பகலில் 40 டிகிரிக்கு மேலாகவும் மாறுவதைக் கண்டார். பகலில் சேரும் வெப்பத்தை வியர்த்து வெளியேற்றாமல் உடலிலேயே தேக்கிவைத்து, இரவின் குளிரில் செலவின்றி விட்டுவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள உடல் 6 டிகிரி சூடேறுவதற்கு ஏறத்தாழ 2,500 கிலோகலோரி வெப்பம் தேவைப்படும். அதே வெப்பத்தை வியர்வையால் அகற்ற நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட நீர் செலவாகும். ஒவ்வொரு நாளும் அந்த நீர் மிச்சமாகிறது.

இந்த உத்தியை அப்படியே ஒரு கிலோ எடையுள்ள விலங்குக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அதே 6 டிகிரி ஏற்றத்துக்கு 5 கிலோகலோரி போதும். எடையோடு ஒப்பிடும்போது சிறிய உடலின் மேற்பரப்பு மிக அதிகம் என்பதால் அந்த வெப்பம் விரைவிலேயே சேர்ந்துவிடும். மாலை வரை காத்திருக்க அதற்கு வழியில்லை. எனவே சிறிய விலங்குகள் தப்புகின்றன. வட அமெரிக்கப் பாலைவனத்தின் தரை அணில் ஒன்று பகலில் வெளியே ஓடித் திரிந்து, உடல் சூடு எல்லை மீறும்போது வளைக்குள் இறங்கி, குளிர்ந்த மண்ணில் வயிற்றைப் பரப்பிச் சூட்டை இறக்கிவிட்டு மீண்டும் வெளியே வருகிறது. மேல்மண் 70 டிகிரி வரை கொதித்தாலும், அரை மீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒட்டகத்தால் இந்த அடைக்கலத்தைப் பெற முடியாது. அணிலால் உணவைத் தேடி நெடுந்தொலைவு நடக்க முடியாது.

என் கற்பனை விலங்கு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பதே என் தேர்வு. எடை சுமார் 40 கிலோ. இது கற்பனைக்காகப் பிடித்த எண் அன்று. எறும்பும் கறையானும் தின்று வாழும் ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் என்ற பாலூட்டி 40 முதல் 65 கிலோ வரை எடையுள்ளது. அந்த உடலோடு அது மண்ணைத் தோண்டி வளை அமைக்கிறது. ஒரே இரவில் பல கிலோமீட்டர் நடக்கவும் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் வாழும் ரோமமூக்கு வாம்பேட் என்ற பையுள்ள பாலூட்டி 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடன், பெரும்பாலும் புல்லைத் தின்று, வளைக்குள் பகலைக் கழிக்கிறது. அதன் உடல் ஆற்றலை எரிக்கும் வேகம் மற்ற பாலூட்டிகளைவிடக் குறைவு என்பதால் உணவும் நீரும் குறைவாகவே வேண்டியிருக்கிறது. தோண்டக்கூடிய மிகப் பெரிய உடல், நடக்கக்கூடிய மிகச் சிறிய உடல் என்ற இரண்டும் ஏறத்தாழ இந்த எடையில் சந்திக்கின்றன. பேச வசதியாக இந்த விலங்குக்கு வளையான் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது கேள்வியில் உள்ள நான்கு உறுப்புகளையும் வளையானுக்குப் பொருத்திப் பார்க்கலாம். முள் பல்லியின் தோலை முதலில் விட்டுவிட வேண்டும். அந்தப் பல்லியின் செதில்களுக்கு இடையே மயிரிழை போன்ற நுண்ணிய பள்ளங்கள் ஓடுகின்றன. தேங்கிய நீரில் கால் பட்டால் போதும். நீர் தானாகவே அந்தப் பள்ளங்களில் ஏறி வாயை அடைகிறது. நமீப் பாலைவனத்தில் மூடுபனிக்கு முதுகைக் காட்டித் தலைகீழாக நிற்கும் வண்டுகளும் இதைப் போன்றவையே. முதுகில் படியும் ஈரம் துளியாக உருண்டு வாய்க்கு வருகிறது. ஒரு கிராம்கூட எடையில்லாத வண்டுக்கு ஒரு துளி என்பது பெரிய விருந்து. 40 கிலோ உடலுக்கு அது தாகத்தைத் தீர்க்கும் அளவில் வராது. மேலும் பாலூட்டியின் உடலை மூடியிருக்கும் ரோமத்தை நீக்கினால்தான் அந்தத் தோல் வேலை செய்யும். ரோமத்தை இழப்பதால் வரும் கேடு கிடைக்கும் நீரைவிட மிகப் பெரியது. ஒட்டகத்தின் ரோமத்தை மழித்துவிட்டு அளந்தபோது அது முன்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது.

காது விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பெரிய காது எப்போதும் உடலைக் குளிர்விக்கும் என்று நினைக்கிறோம். காதில் ஓடும் இரத்தத்தைவிடச் சுற்றியுள்ள காற்று குளிர்ச்சியாக இருந்தால் மட்டுமே வெப்பம் வெளியேறும். காற்று 45 டிகிரியும் இரத்தம் 38 டிகிரியும் இருக்கும்போது அதே காது வெப்பத்தை உள்ளே இழுக்கும் வாசலாகிவிடும். ஃபெனெக் நரி கடும் பகலில் வளைக்குள் இருந்துவிட்டு, காற்று குளிரும் இரவில் வெளியே வருவதால்தான் 15 சென்டிமீட்டர் காது அதற்கு நன்மை செய்கிறது. மணலுக்கடியில் நகரும் பூச்சியின் ஒலியைக் கேட்பதற்கும் அது பயன்படுகிறது. வளையானும் இரவில் நடமாடும் விலங்கு என்பதால் காது வேண்டும். ஆனால் வளைக்குள் நுழையும்போது பின்னால் மடங்கிப் படியக்கூடியதாகவும், மண் புகாதபடி மூடிக்கொள்ளக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆர்ட்வார்க்கின் காது இப்படித்தான் அமைந்திருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வேன்.

திமில்தான் இந்த வடிவமைப்பில் மிகச் சுவையான இடம். திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு என்பது பலருக்கும் தெரியும். கொழுப்பு உடலில் எரியும்போது நீர் உண்டாகிறது என்பதும் உண்மையே. ஒரு கிராம் கொழுப்பு 1.07 கிராம் நீரைத் தருகிறது. ஆனால் அந்த ஒரு கிராமை எரிக்க ஏறத்தாழ 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். அதைப் பெற ஏறத்தாழ 40 லிட்டர் காற்றை உள்ளிழுத்து வெளிவிட வேண்டியிருக்கும். 37 டிகிரியில் முழு ஈரத்துடன் வெளியேறும் ஒரு லிட்டர் மூச்சுக்காற்று 44 மில்லிகிராம் நீரைச் சுமந்து செல்கிறது. 40 லிட்டருக்குக் கணக்கிட்டால் 1.7 கிராமுக்கும் மேல். உள்ளே வரும் காற்று முற்றிலும் வறண்டிருந்தால், கொழுப்பை எரித்துக் கிடைத்த நீரைவிட மூச்சில் போன நீர் அதிகம் என்றாகிறது. கொழுப்பு உணவுச் சேமிப்பாகும், நீர்ச் சேமிப்பாகாது.

இந்தக் கணக்கை மாற்றுவது மூக்கு. ஒட்டகத்தின் நாசிக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக மடிந்து கிடக்கின்றன. அவற்றை மூடிய ஈரச் சவ்வின் மொத்தப் பரப்பு சுமார் 1,000 சதுர சென்டிமீட்டர். மனித மூக்கில் இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இரவில் குளிர்ந்த வறண்ட காற்று உள்ளே போகும்போது இந்தச் சவ்வுகள் ஈரத்தை இழந்து குளிர்கின்றன. நுரையீரலிலிருந்து சூடாக, ஈரமாகத் திரும்பும் காற்று அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் தன் நீரின் ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிடுகிறது. நீரின்றி நாட்கள் கழித்த ஒட்டகத்தின் சவ்வில் உலர்ந்து படியும் பொருள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையும் கொண்டது என்பதால், வெளியேறும் காற்று முழு ஈரத்தைக்கூடத் தாங்கிச் செல்வதில்லை. வெளிவிடும் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு லிட்டருக்கு 23 மில்லிகிராம் நீர்தான் போகும். 40 லிட்டருக்கு 0.92 கிராம். இப்போது 1.07 கிராம் வரவு, 0.92 கிராம் செலவு. கொழுப்பை எரிப்பது முதன்முறையாக நீர்க்கணக்கில் மிச்சம் காட்டுகிறது. ஒட்டகத்திடமிருந்து ஒரே ஓர் உறுப்பைத்தான் எடுக்கலாம் என்றால் நான் திமிலைவிட்டு மூக்கையே எடுப்பேன். படம் வரைகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: வளையானுக்கு முகம் நீண்டதாகவும் நாசிப் பகுதி புடைத்ததாகவும், நாசித் துவாரங்கள் மூடித் திறக்கும் பிளவுகளாகவும் இருக்க வேண்டும்.

ஆயினும் கொழுப்புச் சேமிப்பு வேண்டும்; காரணம் பசி. 2012–13 கோடையில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள கலஹாரியில் கடும் வறட்சி வந்தபோது, ஆய்வாளர்கள் கண்காணித்து வந்த ஆர்ட்வார்க்குகளில் பெரும்பாலானவை இறந்தன. அவற்றைக் கொன்றது வெயிலன்று. எறும்பும் கறையானும் அருகியதால் ஏற்பட்ட பட்டினி. உடல் மெலிந்து, இரவுக் குளிரைத் தாங்க முடியாமல், பகலில் வெளியே வரத் தொடங்கியும் அவை பிழைக்கவில்லை. ஆகவே வளையானுக்கு நல்ல கொழுப்புக் கிடங்கு தேவை. அதை முதுகில் வைத்தால் வளையின் கூரையில் இடிக்கும். உடல் முழுவதும் தோலுக்கடியில் பரப்பினால் வெப்பம் வெளியேறத் தடையாகும். மிஞ்சுவது வால். கொழுத்த வால் கொண்ட செம்மறி ஆடுகளும், பாலைவன எலிகளில் சிலவும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. அடிப்பகுதி தடித்து, நுனியை நோக்கிக் குறுகும் வால் வளைக்குள் இழுத்துச் செல்ல எந்தத் தடையும் செய்யாது. நல்ல பருவத்தில் அது உருண்டு திரண்டும், வறட்சியின் இறுதியில் தொங்கும் தோலாகவும் காட்சியளிக்கும்.

சிறுநீரகத்தில் உடல் அளவு மீண்டும் குறுக்கிடுகிறது. இரத்தத்தின் செறிவோடு ஒப்பிட்டால் மனிதனின் சிறுநீர் அதிகபட்சம் 4 மடங்கு செறிவாகும். ஒட்டகத்தின் சிறுநீர் சுமார் 8 மடங்கு. கங்காரு எலியின் சிறுநீர் சுமார் 15 மடங்கு. ஆஸ்திரேலியத் துள்ளும் எலியின் சிறுநீர் ஏறத்தாழ 25 மடங்கு வரை. உடல் சிறியதாக ஆக ஆக இந்தத் திறன் பொதுவாகக் கூடுகிறது. 40 கிலோ விலங்குக்குக் கங்காரு எலியின் திறனைக் கொடுப்பது மிகை. 10 மடங்கு என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கற்பனை. ஆமையைப் போலச் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வட அமெரிக்கப் பாலைவன ஆமை அப்படித்தான் வறண்ட மாதங்களைக் கடக்கிறது. ஆனால் யூரியாவைக் கரைத்து வெளியேற்றும் பாலூட்டியின் உடலில் அதை எதிர்பார்க்க முடியாது.

சிறுநீரகத்தில் விட்டுக்கொடுத்ததை உணவில் ஈடு செய்யலாம். பாலைவனத்தின் உவர்ச் செடிகளின் இலைகள் நீர் நிறைந்தவை. ஆனால் அவற்றின் மேல் அடுக்கில் உப்பு குவிந்திருக்கிறது. வட ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களில் வாழும் கொழுத்த மணல் எலி, இலையை இரு முன்னங்கால்களாலும் பிடித்து, பற்களால் மேல்தோலைச் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் பசுமையான சதையைத் தின்கிறது. அர்ஜென்டினாவின் ஓர் எலிக்கு இதே வேலைக்காக வாயில் விறைப்பான ரோமக் கற்றைகளே உள்ளன. வளையானின் மேலுதட்டின் உட்புறத்தில் இப்படியொரு விறைத்த ரோமச் சீப்பை நான் பொருத்துவேன். இலை அதன் வழியாக இழுபடும்போது உப்பு வெளியே உதிரும். சாறு உள்ளே போகும். மேயும் நேரமும் முக்கியம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உடலியல் அறிஞர் சி. ஆர். டெய்லர் செய்த ஆய்வில், பகலில் தொட்டால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்த சில புதர் இலைகள் இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தம் எடையில் 40 சதவீதம் வரை நீரைக் கொண்டிருந்தன. பின்னிரவில் மேய்ந்தாலே ஓரிக்ஸ் மான் தனக்கு வேண்டிய நீரில் பெரும்பங்கைப் பெற்றுவிடும் என்று அவர் காட்டினார். ஆகவே வளையான் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியும் வரை மேயும். வாம்பேட்டைப் போல நீண்ட பெருங்குடல், எச்சத்தில் மிஞ்சும் ஈரத்தையும் பிழிந்தெடுத்துக்கொள்ளும்.

காலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டகத்தின் அகன்ற மெத்தைப் பாதம் மணலில் புதையாமல் நடக்க ஏற்றது, ஆனால் அதனால் தோண்ட முடியாது. வளையானுக்கு முன்னங்காலில் தடித்த நகங்களும், உள்ளங்காலில் மணல் பூனைக்கு இருப்பதுபோல் அடர்ந்த ரோமமும் போதும். நீண்ட கால்கள் கொண்டு வேகமாக ஓடவும் குறுகிய கால்கள் கொண்டு பலமாகத் தோண்டவும் ஒரே விலங்கால் முடியாது. எனவே எதிரியிடமிருந்து தப்ப வளையான் ஓடாது. தன் நிலப்பரப்பில் பல வளைகளை வைத்திருந்து, அருகில் உள்ளதில் புகுந்துகொள்ளும். அது கைவிட்ட வளைகள் நரிக்கும் பாம்புக்கும் முள்ளம்பன்றிக்கும் வீடாகும். ஆர்ட்வார்க்கின் பழைய வளைகளால் இன்று பல உயிரினங்கள் பிழைப்பதைப் பார்க்கும்போது, கற்பனை விலங்கு ஒன்றுக்கும் இப்படியொரு இடத்தைத் தருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரும்பாலான கற்பனை விலங்குகளில் மறக்கப்படும் ஒன்று இனப்பெருக்கம். தனி விலங்கு பாலைவனத்தில் பிழைப்பது ஒரு சிக்கல். தாய் குட்டிக்குப் பால் கொடுத்து வளர்ப்பது அதைவிடக் கடினமான சிக்கல், ஏனெனில் பாலில் பெரும்பகுதி நீர். இதற்கு இயற்கையில் இரண்டு அழகான வழிகள் இருக்கின்றன. டிங்கோ நாய்களும் கங்காருகளும் குட்டியின் கழிவை நக்கி எடுத்துக்கொள்வதன் மூலம் பாலில் கொடுத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகின்றன என்று 1975இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குட்டி வளைக்குள்ளேயே இருக்கும் வளையானுக்கு இது எளிதாகும். மூடிய வளையின் ஈரக்காற்றும் அதற்குத் துணை செய்யும். இரண்டாவது வழி, கருவை நிறுத்திவைப்பது. செங்கங்காருவின் பைக்குள் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த கரு மிகச் சிறிய நிலையிலேயே வளர்ச்சியின்றி உறங்குகிறது. பையில் உள்ள குட்டி வறட்சியில் இறந்துவிட்டால் அது வளரத் தொடங்குகிறது. இது கங்காருவுக்கு மட்டும் உரியதன்று. வளையில் வாழும் ஐரோப்பிய பேட்ஜரும் கருவைப் பல மாதங்கள் கருப்பையில் ஒட்டாமல் வைத்திருக்கிறது. வளையானும் கூடியபின் கருவை நிறுத்திவைத்து, வாலில் கொழுப்பு ஓர் அளவைத் தாண்டிய பின்னரே அதை வளர்க்கும். மழை பொய்த்த ஆண்டில் குட்டியே பிறக்காது. நல்ல மழைக்குப் பின் ஒரு குட்டி பிறக்கும், இரண்டு பிறக்காது.

எல்லாப் பாலைவனங்களிலும் இந்த விலங்கு வாழும் என்று நான் சொல்லமாட்டேன். கோபியின் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 40 டிகிரி கீழே போகும். மெதுவாக இயங்கும் உடலும் மெல்லிய ரோமமும் அங்கே உதவாது. காற்றில் நகரும் மணற்குன்றுகளிலும் அதற்கு இடமில்லை. இறுக்கமற்ற மணலில் 40 கிலோ விலங்கு நுழையும் அளவுக்கு அகலமான வளையைத் தோண்டினால் கூரை சரிந்துவிடும். அதற்கு ஏற்றது வெப்பப் பாலைவனங்களின் சரளைச் சமவெளிகளும், எப்போதாவது வெள்ளம் ஓடும் வறண்ட ஆற்றுப்படுகைகளின் உயர்ந்த கரைகளும்தான். அங்கே மண்ணில் களிமண் கலந்திருப்பதால் வளை நிலைக்கும். உவர்ச் செடிகளும் புதர்களும் கரையோரமாக வளர்ந்திருக்கும். வளையின் வாயை மட்டும் வெள்ளம் எட்டும் மட்டத்துக்கு மேலே அமைத்துக்கொள்ள வேண்டும்.